முதுகைக் காட்டி உட்கார்ந்தவர்

1. முதல் வியாழக்கிழமை

மிஷன் ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் நான் வாந்தி எடுத்தேன். வார்டில் இல்லை. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில், சிற்றாற்றங்கரை மருதமரத்தடியில், முப்பது நோயாளிகள் பார்த்துக்கொண்டிருக்க எடுத்தேன்.

முப்பதுகளின் தொடக்கம் அது. தொழுநோயை அப்போது பெருவியாதி என்போம். அந்த நோயாளிகளைக் காம்பவுண்டுக்குள் விட்டால் மற்றவர்கள் எழுந்து போய்விடுவார்கள். அதனால் எங்கள் டாக்டரம்மா வியாழக்கிழமைதோறும் மருந்துப் பெட்டியை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு மரத்தடிக்கே போவார். நீரடிமுத்து எண்ணெயை இளஞ்சூடாக்கித் தடித்த ஊசியால் ஏற்றுவது அவர் வேலை. புண்ணைக் கழுவி, மருந்து வைத்துக் கட்டுவது என் வேலை. எட்டாம் வகுப்பில் தேறாத எனக்கு வேறு வேலை கிடைக்கவில்லை. ஊரில் ஊழியம் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் வயிற்றுப்பாடுதான்.

முதலில் என் முன்னால் காலை நீட்டியவர் சுப்பையா. செங்கோட்டையிலிருந்து புளியறை வழியாக மலைக்கு அந்தப் பக்கம் பாரவண்டி ஓட்டினவர். நாற்பது வயதிருக்கும். வலது உள்ளங்காலில் ஒரு நெல்லிக்காய் உள்ளே போகும் அளவுக்குக் குழிப்புண். சுற்றியிருந்த கந்தலை அவிழ்த்ததும் அடித்த வாடையில் பேசினை அப்படியே போட்டுவிட்டு ஆற்றுப் பக்கம் ஓடினேன்.

அவர் சத்தம் போட்டுச் சொன்னார்: "ஏலே, நல்லா எடுத்துட்டே வா. அவசரமில்ல. இந்தக் கால வச்சிக்கிட்டு நான் எங்க ஓடிரப் போறேன்?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து கட்டினேன். கட்டு நிற்கவில்லை. அவரே துணி நுனியைப் பல்லால் கடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டார். கைவிரல்கள் அப்போதே மடங்கத் தொடங்கியிருந்தன.

2. தகரச் சீட்டு

கிளினிக் தொடங்குவதற்கு முன்னால் ஒரு கீர்த்தனை, ஒரு ஜெபம், அரைமணி நேரம் பிரசங்கம். பிரசங்கம் செய்கிறவர் மாசிலாமணி உபதேசியார். நல்ல மனிதர். ஏழு மைல் நடந்து வந்து, தொண்டை கட்டியிருந்தாலும் பேசிவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பார். அந்த அரைமணி நேரமும் சுப்பையா ரோட்டைப் பார்த்து, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். எழுந்து போகமாட்டார். எதிர்த்துப் பேசமாட்டார். முதுகு மட்டும்தான்.

உபதேசியாருக்கு அது பொறுக்கவில்லை. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, சீட்ட நீதான குடுக்க? வசனத்தக் கேக்கவனுக்கு மொதல்ல குடு. அந்த ஆளுக்குக் கடைசிச் சீட்டு. ரெண்டு வாரத்துல தன்னால திரும்புவான்."

சீட்டு என்றால் எண் வெட்டிய தகரத் துண்டு. அந்த வரிசைப்படிதான் கட்டு. அதற்குள் வேலைக்கு வந்து ஒரு வருஷம் ஓடியிருந்தது. எனக்கு வாந்தி நின்றிருந்தது, கர்வம் வந்திருந்தது. அந்த மரத்தடியில் சீட்டுக் கொடுக்கிற அதிகாரமும் ஒரு அதிகாரம்தான். டாக்டரம்மாவிடம் கேட்காமலே கடைசிச் சீட்டைச் சுப்பையாவுக்கு ஒதுக்கினேன். அவர் வாங்கிக்கொண்டு காத்திருப்பார். முதுகு திரும்பவில்லை. இப்படி நாலு மாதம் போனது.

சாரல் பிடித்துக்கொண்ட ஒரு வியாழக்கிழமை. பிரசவக் கேஸ் வந்திருக்கிறது என்று ஆள் வர, டாக்டரம்மா ஊசி வேலையை முடித்துவிட்டுப் பாதியில் கிளம்பிவிட்டார். மீதிக் கட்டுகளை நான் முடிக்க வேண்டும். சுப்பையாவின் முறை வந்தபோது நான் தொப்பலாக நனைந்திருந்தேன். முதுகு ஒடிந்து போயிருந்தது.

"துணி தீந்து போச்சு அண்ணாச்சி. அடுத்த வாரம் வாங்க" என்றேன்.

அவர் கம்பைக் கையில் எடுத்தார். "துணி இல்லங்கது எதுக்குலே? காலுக்கா, முதுகுக்கா?"

நான் பெட்டியை மூடினேன். அவர் கம்பை ஊன்றி எழுந்து, மழையில் குற்றாலம் ரோட்டில் நடந்து போனார்.

பெட்டிக்குள் ஒரு சுருள் துணி இருந்தது. இதை நான் பல வருஷம் யாரிடமும் சொன்னதில்லை.

3. பேசின்

அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. டாக்டரம்மா ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, "சுப்பையா எங்க?" என்று கேட்டார்.

மாடத்தி என்கிற நோயாளிதான் பதில் சொன்னாள். "அந்த அண்ணாச்சி அருவிக்குப் போற வழியில கல்மண்டபத்துல கெடக்காரும்மா. கால்ல புழு வச்சிட்டு. எந்திரிக்க முடியல."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "போன தடவ வந்தப்ப கட்டுனியா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று மழைக்கு மரத்தடியில் ஒதுங்கியிருந்த பலரும் நடந்ததைப் பார்த்திருந்தார்கள். சீட்டு விஷயம், துணி விஷயம், எல்லாவற்றையும் சொன்னேன். உபதேசியார் பக்கத்தில்தான் நின்றார். கீழே பார்த்தார்.

டாக்டரம்மா திட்டவில்லை. ஊசியைக் கொதிநீரில் போட்டுவிட்டு, அது கொதிக்கிறதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "நாளையிலருந்து மத்தியான டூட்டி முடிஞ்சதும் நீ அங்கன போகணும். தினமும். வேதத்த எடுத்துட்டுப் போகாத. பேசின எடுத்துட்டுப் போ."

தென்காசியிலிருந்து அந்த மண்டபம் மூன்று மைல். காலை ஆறு மணிக்கு வார்டில் தொடங்கி, இரண்டு மணிக்கு முடித்து, வெயிலிலோ சாரலிலோ போக மூன்று மைல், வர மூன்று மைல். ஒன்றரை மாதம் நடந்தேன். அன்பினால் நடந்தேன் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. வேலை போய்விடும் என்கிற பயத்தில்தான் முதல் வாரம் நடந்தேன்.

முதல் நாள் அவர் கம்பை ஓங்கினார். "போலே அங்குட்டு. உங்க சாமிக்கு முதுகக் காட்டுனதுக்கு தண்டன குடுத்தாச்சுல்லா. இன்னும் என்ன?"

நான் தள்ளியே உட்கார்ந்தேன். கம்பை ஓங்கியே வைத்திருக்க அவருக்குக் கையில் பலம் இல்லை. அது இறங்கியதும் பக்கத்தில் போனேன். புண்ணில் டர்ப்பன்டைன் விட்டுக் காத்திருந்தால் புழுக்கள் மேலே வரும். ஃபோர்செப்ஸால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். அந்தக் காலில் அவருக்கு உணர்ச்சி இல்லை. ஆனாலும் எடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசியில் கால் சுண்டுவிரல் என் கையோடு வந்துவிட்டது. அதை ஒரு துணியில் சுற்றி மண்டபத்துக்குப் பின்னால் புதைத்தேன்.

திரும்பி வந்து, "அண்ணாச்சி, அன்னைக்குப் பெட்டியில துணி இருந்துச்சு" என்றேன்.

"தெரியும்லே. நீ மூடும்போது பாத்தேன்" என்றார்.

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அன்று திரும்பி நடந்த மூன்று மைல் எனக்கு முப்பது மைல்.

4. புகையிலை

இரண்டாவது வாரத்தில் அவர் முதன்முதலாக என்னிடம் ஒன்று கேட்டார். "லேய், பொயல வாங்கியாறியா? நாலு நாளாச்சு. மண்ட வெடிக்கி."

நான் மிஷன் ஆள். புகையிலையைத் தொட்டால் சபையில் விசாரணை வரும். ஆனாலும் வாங்கப் போனேன். கடைக்காரர் என் சட்டையில் இருந்த ஆஸ்பத்திரிப் பட்டையைப் பார்த்துவிட்டு, "என்ன வே, உபதேசியாருக்குத் தெரியுமா?" என்று கண்ணடித்தார். தலையைக் குனிந்துகொண்டு வாங்கி வந்தேன்.

அதை வாயில் அதக்கிக்கொண்ட பிறகு சுப்பையா பேசத் தொடங்கினார். உடம்பில் தேமல் தெரிந்ததும் ஊரைவிட்டுக் கிளம்பினாராம். மகளுக்கு அப்போதுதான் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். தகப்பனுக்கு இந்த நோய் என்று தெரிந்தால் கல்யாணம் நின்றுபோகும். மலைக்கு அந்தப் பக்கம் வண்டி கவிழ்ந்து செத்துப் போனதாக ஒரு வண்டிக்காரரிடம் சொல்லி அனுப்பினார். மனைவி நம்பித் தாலியைக் கழற்றினாள். மகளுக்குக் கல்யாணம் நடந்தது.

"மக கல்யாணம்னா எனக்கு நாலு வயல் தள்ளி நின்னு கேட்ட மேளச்சத்தந்தான்" என்றார்.

நான் கட்டிக்கொண்டே கேட்டேன்: "ஏன் அண்ணாச்சி எங்களுக்கு முதுகக் காட்டுனீங்க?"

"உங்க உபதேசியார் வாரா வாரம் ஒரே கதையத்தான சொல்லுதாரு? குட்டம் வந்தவன் ஒருத்தன் வந்தான், சாமி சொகமாக்குனாருன்னு. மொத வாரம் நல்லாத்தான் கேட்டேன். கேட்டு முடிச்சிட்டுக் குனிஞ்சி பாத்தா என் காலு அப்படியேல்லா இருக்கு. ரெண்டாம் வாரமும் அப்படியே. பசிச்சவன் முன்னால பந்தி வெளம்புத கதையே சொல்லிட்டிருந்தா அவன் எங்க பாத்து ஒக்காருவான், நீயே சொல்லு."

எங்களுக்கெல்லாம் அது கேட்பவருக்கு ஏற்ற கதையாகத்தான் தெரிந்தது. அதற்காகத்தான் உபதேசியார் அதைத் தேர்ந்தெடுத்தார்.

துணியை அடுத்த சுற்றுச் சுற்றும்போது அவரே கேட்டார்: "ஆமா, அந்தக் கதையில உங்க சாமி அவனத் தொட்டாரா, இல்ல தள்ளி நின்னு சொன்னாரா?"

"தொட்டாரு."

"கையாலயா?"

"கையால."

"சொகமானதுக்குப் பொறவா, முந்தியா?"

நான் கட்டுவதை நிறுத்தினேன். சிறு வயதிலிருந்து கேட்ட கதை. ஒரு நாளும் அதை யோசித்ததில்லை. மனத்துக்குள் வரிவரியாகச் சொல்லிப் பார்த்தேன். "முந்தி" என்றேன். "தொட்ட பொறவுதான் சொகமாச்சு."

"அப்பம் குட்டத்தோடதான் தொட்டிருக்காரு" என்றார் சுப்பையா. கட்டுப் போட்டிருந்த காலைப் பார்த்தார். "இத உபதேசியார் சொல்லலியே."

அவ்வளவுதான் அன்றைய பேச்சு. அடுத்த நாள், "வேற என்ன கதை இருக்கு?" என்று கேட்டார். கேட்டால் மட்டும் சொல்வேன். கேட்காத நாளில் கழுவிக் கட்டிவிட்டு வந்துவிடுவேன்.

5. வாசல்

மரத்தடிக்கு அவர் திரும்பி வந்தார். சீட்டு முறையை டாக்டரம்மா மாற்றிவிட்டார். யாருக்குப் புண் மோசமோ அவருக்கு முதலில். பிரசங்கம் கட்டு முடிந்த பிறகு, விருப்பமுள்ளவர் இருக்கலாம். முதல் வாரம் ஆறு பேர் இருந்தார்கள். அந்த ஆறு பேரில் சுப்பையா ஒருவர்.

ஞானஸ்நானம் கேட்க அவருக்கு ஐந்து வருஷம் ஆனது. நாங்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை. சிற்றாற்றில் போதகர் கொடுத்தார். மாடத்தி குலவையிட்டாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான் எனக்குச் சங்கடம் தொடங்கியது.

அவர் எங்கள் சபைக் கோயிலுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கமிட்டிப் பெரியவர்கள் என்னை வாசலிலேயே நிறுத்தினார்கள். "ஞானமுத்து, உள்ள பிள்ளைக இருக்கு. எல்லாருக்கும் ஒக்கார பாயி ஒண்ணு, திருவிருந்துல குடிக்கப் பாத்திரம் ஒண்ணு. அவரு வெளிய இருந்து கேக்கட்டும். திருவிருந்தப் பொறவு பாத்துக்கிடலாம்." அவரைத் தேடி ஏழு வருஷம் போன நாங்கள், அவர் எங்களைத் தேடி வந்தபோது ஒரு பாய்க்கு யோசித்தோம்.

சுப்பையாவே சொன்னார்: "விடுலே. வெளிய இருக்கது எனக்குப் பழக்கந்தான."

நான் உள்ளே போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். பாட்டு பாடினார்கள். இரண்டாவது பாட்டில் எழுந்து வெளியே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அடுத்த வாரம் என் மனைவியும் வந்தாள். கமிட்டியோடு பேசினேன், டாக்டரம்மா பேசினார், போதகர் மேலிடத்துக்கு எழுதிப் பார்த்தார். இரண்டு வருஷத்தில் எங்களோடு வெளியே உட்கார வந்தவர்கள் மொத்தம் நாலு குடும்பம். ஐந்தாவது குடும்பம் வரவில்லை. திருவிருந்தின் அப்பத்தையும் ரசப் பாத்திரத்தையும் போதகர் வாசலுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். முதலில் சுப்பையா குடிப்பார், அதே பாத்திரத்தில் அடுத்து நான். முதல் தடவை பாத்திரத்தின் விளிம்பைத் துடைத்துவிட்டுத்தான் குடித்தேன். அதையும் அவர் பார்த்திருப்பார்.

யுத்த காலத்தில் ஒரு சாரல் மாதம் நெஞ்சுச் சளியில் அவர் இறந்தார். கல்லறைத் தோட்டத்தில் மதிலோரம் இடம் கொடுத்தார்கள். மருதமரத்தடி நோயாளிகள் நாலு பேர் தூக்கினார்கள். அடக்கம் முடிந்து எல்லாரும் போன பிறகு மாசிலாமணி உபதேசியார் அங்கேயே நின்றார். ரொம்பத் தளர்ந்திருந்தார்.

"ஞானமுத்து, இந்த மனுஷனுக்கு எத்தன பிரசங்கம் பண்ணிருப்பேன்! ஒரு நாளாவது 'சுப்பையா, சாப்பிட்டியா'ன்னு கேட்டேனாப்பா?"

நான் அவர் கையைப் பிடித்து ரோடுவரைக்கும் கூட்டி வந்தேன்.

6. கேட்கிறவர்களுக்கு

புதிதாக ஊழியத்துக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம், "உங்க காலத்துல எத்தன பேர ஆண்டவர்ட்ட கொண்டு வந்தீங்க?" என்று கேட்கிறார்கள். எனக்கு முழங்கால் வலி. நீண்ட பதில் சொல்லத் தெம்பில்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். எதிரே இருக்கிறவருக்கு எங்கே வலிக்கிறது என்று தெரியாமல் வாயைத் திறக்காதீர்கள். அவர் கேட்கும்வரை காத்திருங்கள். கேட்காமலே போனாலும் கட்டை ஒழுங்காகக் கட்டுங்கள். பொறுமை என்றால் அவர் மாறும்வரை காத்திருப்பது என்று நான் நினைத்திருந்தேன். நான் மாறும்வரை சுப்பையா காத்திருந்தார் என்பது பின்னால்தான் தெரிந்தது. ஒருவரை வாருங்கள் என்று கூப்பிடுவதற்கு முன்னால், உள்ளே போய் அவருக்கு உட்கார இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். இல்லையென்றால், அவரோடு வெளியே உட்காரத் தயாராக ஒரு பாயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.