பாதியில் நின்ற முள்

சுட்டகை என்ற பேரை அவள் முதன்முதலில் கேட்டது கல்யாணப் பேச்சில்தான். அப்பாவின் கடைசித் தங்கை வந்த கால் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தாள்.

"அண்ணே, பையனுக்குச் சொந்தமா ஷெட் இருக்கு. சுட்டகை மெக்கானிக்னு கேட்டா அந்தப் பக்கம் பச்சைக் குழந்தைகூட வழி சொல்லும்."

"அதென்ன பேரு? போலீஸ்காரன் வச்சதா?" என்றார் அப்பா.

தொழில் பழகின நாளில் ரேடியேட்டர் கொதித்துக்கொண்டிருக்கும்போதே மூடியைத் திறந்து, வலது உள்ளங்கை வெந்து போனவராம். அப்பா வாய்விட்டுச் சிரித்தார். "அப்படின்னா இனிமே அவசரப்பட மாட்டான். வரச் சொல்லு."

வந்தார். பேச்சு குறைவு, பழகினால் நல்ல மனிதர். ஒரே ஒரு பிடிவாதம், தொட்டுப் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டார். சூடாகிறது என்று எந்த வண்டி வந்தாலும் முதலில் டேஷ்போர்டைப் பார்க்கவே மாட்டார். மேல் ஹோஸில் கை, கீழ் ஹோஸில் கை, அப்புறம் ரேடியேட்டரின் நாலு மூலையிலும் கை. மேலே சுட்டு, கீழே ஜில்லென்று இருந்தால் உள்ளே அடைப்பு. இரண்டும் சுட்டால் ஃபேன் சுற்றுகிறதா என்று பார்ப்பார். வெந்த கைக்குத்தான் சூடு நன்றாகத் தெரியும் என்பது அவர் கட்சி. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் தெர்மாமீட்டரை உதறி வைத்துவிட்டு நெற்றியில் கை வைப்பார். "இருங்க, வாயைத் திறந்து ஆயில் இருக்கான்னும் பாத்துடுங்க" என்பாள் அவள்.

ஷெட்டுக்குப் பின்னால்தான் வீடு. சமையலறை ஜன்னலைத் திறந்தால் வேலை நடக்கிற இடம் நேராகத் தெரியும். யார் என்ன வண்டி கொண்டுவந்தார்கள், யார் சண்டை போட்டார்கள் எல்லாம் அவளுக்கு அடுப்படியிலிருந்தே அத்துபடி.

அவளுக்கு ஒரே தம்பி. வாடகைக் கார் ஓட்டினான். ஒரு தொழிற்சாலையின் அதிகாரிகளைக் காலையில் கொண்டுபோய்விட்டு மாலையில் கூட்டிவருகிற வேலை. அது ஒன்றுதான் அந்த வீட்டுக்குச் சோறு. ஒருநாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான்.

"மாமா, இன்ஜின் சூடு காட்டுற முள்ளு திடீர்னு சிவப்புக்குப் போகுது. அப்புறம் அதுவா இறங்குது. பெட்ரோல் முள்ளும் அப்படித்தான், பாதி டேங்க்னு காட்டிக்கிட்டே நடுரோட்ல கழுத்தறுக்குது. முன்சீட்ல உக்கார்ற அதிகாரி, 'ஏம்ப்பா, வண்டி வெடிச்சிருமா, நான் இறங்கிக்கட்டுமா'ன்னு தினமும் கேக்குறார்."

அவர் இன்ஜினை ஓடவிட்டு ஹோஸைத் தொட்டார். சூடு அளவோடு இருந்தது. "ஹெட்லைட்டைப் போடு மச்சான்" என்றார். போட்டதும் முள் சிவப்பை நோக்கி எழுந்தது. அணைத்ததும் கீழே இறங்கியது.

"இன்ஜின்ல ஒண்ணுமில்ல. உள்ளே எர்த் ஒயர் விட்டிருக்கு. லைட் போட்டா ரெண்டு முள்ளும் பொய் சொல்லும். டேஷ்போர்டை முழுசா கழட்டணும், ஒருநாள் வண்டியை விட்டுட்டுப் போ."

"ஒருநாள் விட்டா வேற வண்டியைப் போட்டுருவாங்க மாமா. இப்போதைக்கு அந்த முள்ளை எப்படியாவது அடக்கி வைங்களேன். அந்த ஆள் வாயை மூடினாப் போதும்."

தம்பி டீ குடிக்கப் போனான். அவர் இன்ஜினிலிருந்து முள்ளுக்குப் போகிற ஒயரை அறுத்து, நகம் அளவு ஒரு ரெசிஸ்டரை நடுவில் சேர்த்து டேப் சுற்றினார். அதற்குமேல் என்ன சூடானாலும் முள் பாதியைத் தாண்டாது. ஜன்னல் வழியாக அவள் பார்த்தாள்.

"சரி பண்ணியாச்சா?" என்று கேட்டாள்.

"சரி பண்ணலை. வாயைக் கட்டியிருக்கேன். அடுத்த வாரம் வந்தா ஒழுங்கா பாத்துடலாம்."

தம்பி வந்து பார்த்தான். முள் நடுவில் அசையாமல் நின்றது. "மாமா கை வச்சா வச்சதுதான்" என்று போனவன், அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அவரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை. வேலை மேல் வேலை, மறந்தே போனார். மறக்காதவள் அவள்தான். தம்பி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் சொல்ல வாயெடுப்பாள். புருஷன் அரைகுறை வேலை பார்த்தார் என்று தம்பி பெண்டாட்டி முன்னால் சொல்ல நாக்கு எழாது.

வெயில் காலத்தில் ஒரு மத்தியானம் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். மேட்டில் ஏறும்போது நின்றதாம். முன்னாலிருந்து வெள்ளைப் புகை. உள்ளே முள் மட்டும் பாதியில் சாதுவாக நின்றிருக்கிறது. தம்பி அதைப் பார்த்துப் பார்த்துத்தான் கடைசிவரை மிதித்திருக்கிறான்.

அவர் ஆற விட்டு, துணி போட்டு மூடியைத் திறந்தார். சொட்டுத் தண்ணீர் இல்லை. வாட்டர் பம்ப் கசிந்து கீழெல்லாம் கறை. ஆயில் மூடியின் அடியில் பால் விட்ட காபி நிறத்தில் கொழகொழவென்று ஒட்டியிருந்தது. தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டது.

"இன்ஜின் ஹெட் வளைஞ்சிருக்கும்" என்றார். "இறக்கணும்."

தம்பி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். அவன் பெண்டாட்டியும் ஓடி வந்தாள். "அண்ணே, இவர்தான் தண்ணி பாக்காம ஓட்டியிருப்பார். எந்நேரமும் ஃபோனு. இனிமே தொழிற்சாலைக்காரன் எங்களைத் திரும்பிப் பாப்பானா?"

"தினம் பாக்கலைதான்" என்றான் தம்பி. "முள்ளு ஏறலையே, ஏறியிருந்தா நிறுத்தியிருப்பேன்ல?"

அவர் எழுந்து கை கழுவ உள்ளே வந்தார். அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஒயர்ல வச்ச அந்தத் துண்டை எடுத்துடுங்க. தண்ணி பாக்கலைன்னு அவனே சொல்றான். யாருக்குத் தெரியப்போகுது?"

அவர் சோப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "உன் தம்பிடி" என்றார்.

"அதனாலதான் சொல்றேன். ரெண்டு வீடும் ஒண்ணா இருக்கணும்ல?"

ஈரக் கையோடு வெளியே போனார். மச்சானைக் கூப்பிட்டு ஒயரை இழுத்து டேப்பைப் பிரித்துக் காட்டினார்.

"இது நான் வச்சது. இது இருக்கிறவரை முள்ளு ஏறாது. நீ தண்ணி பாக்காதது ஒரு தப்பு. உனக்கு விவரம் சொல்லாம வாயைக் கட்டினது என் தப்பு. பெரிசு என்னுதுதான். இன்ஜினை நானே கட்டித் தர்றேன். அதுவரைக்கும் என் வண்டியை எடுத்துக்கிட்டுப் போய் சவாரியைக் காப்பாத்து."

தம்பி அந்தத் துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மாமாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜன்னலை நிமிர்ந்து பார்த்தான்.

"அக்கா, உனக்குத் தெரியுமா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சின்னப் பிள்ளையிலிருந்து தூக்கி வளர்த்தவனிடம் அது வாயில் வரவில்லை.

"தெரியும்டா."

"எத்தனை தடவை என் வீட்ல வந்து சாப்பிட்டுப் போன" என்றான். அவ்வளவுதான்.

அன்றைக்கே அவருடைய காரை எடுத்துக்கொண்டு போனான். சவாரி கைவிட்டுப் போகவில்லை. அவர் வேறு வண்டி எதையும் தொடாமல் ஹெட்டை இறக்கி, பட்டறையில் கொடுத்துச் சமமாக்கி, பம்ப், கேஸ்கெட் எல்லாம் புதிதாகப் போட்டார். டேஷ்போர்டையும் கழற்றி எர்த் ஒயரை ஒழுங்காக முறுக்கினார். ஹெட்லைட்டைப் போட்டு, அணைத்து, மறுபடி போட்டுக் காட்டினார். இரண்டு முள்ளும் அசையவில்லை. "நல்லா இருக்கு மாமா" என்று மச்சான் கைகொடுத்தான். வீட்டுக்குள் வரவில்லை.

அதற்குப் பிறகும் எந்த வண்டி வாங்கினாலும் மாமாவிடம்தான் கொண்டுவந்தான். தொழில் பெருகியதும், தனியாக ஏன் கஷ்டப்படுகிறீர்கள் என்று அவரைத் தன் இடத்துக்கே கூப்பிட்டுக்கொண்டான். அக்காவிடம் மட்டும் விசேஷ வீடுகளில் பார்த்தால், சௌக்கியமா என்கிற அளவோடு நின்றுவிடும். அவன் பெண்டாட்டிதான் நடுவில், "அண்ணி, அவருக்குக் கோபம் போயிருச்சு, வெக்கம்தான் போகலை" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். அது நிஜமா, சமாதானமா என்று அவள் கேட்டதில்லை.

சுட்டகை இப்போது மச்சானின் ஷெட்டில் அவனுடைய ஆறு கார்களையும் பார்த்துக்கொள்கிறார். காலையில் மச்சான் தெருமுனைவரை மட்டும் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போகிறான், சாயங்காலம் அங்கேயே இறக்கிவிடுகிறான்.