நான்கு பேருக்குக் கட்டிய புளிசாதம்

எங்கள் பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரியின் பெண்கள் விடுதியில் ஞாயிற்றுக்கிழமை மாலைக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்ததை அறையின் நடுவே செய்தித்தாள் விரித்து வைப்பார்கள். எது யாருடைய டப்பா என்று பார்க்காமல் கைகள் நீளும். வாரம் முழுக்க மெஸ் சாப்பாடு தின்றவர்களுக்கு அதுதான் பண்டிகை.

என் ஊர் சேத்தியாத்தோப்புப் பக்கம். ஆய்வகம் முடிவதற்குள் ஊருக்குள் போகும் பஸ் போய்விடும் என்பதால் விருத்தாசலத்திலேயே தங்கினேன். அறையில் நான்கு பேர். நல்லூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி முதல் நாளே எனக்குத் தலை பின்னிவிட்டாள். சில நாள் கழித்து, துணி துவைத்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"உங்க ஊர்ல நீ எந்தத் தெருடி?"

"ரோட்டுக்கு அந்தாண்ட. காலனி."

"ஓ," என்றாள். "சரி, பக்கெட்ட உள்ள எடுத்து வையி. எவளாவது தூக்கிட்டுப் போயிடுவா."

அவ்வளவுதான். சண்டை இல்லை, முகச்சுளிப்பு இல்லை. அந்த ஞாயிறு அம்மா கட்டிக்கொடுத்த புளிசாதமும் கருவாட்டு வறுவலும் திறந்தபடி அப்படியே இருந்தன. ஒருத்திக்கு வயிறு சரியில்லை. ஒருத்தி உடம்பைக் குறைக்கிறாள். நல்லூர்க்காரி விரதம் என்றாள். கோழி வறுவலைத் தின்றுகொண்டே சொன்னாள். தங்கள் டப்பாக்களை மட்டும் என் பக்கம் தாராளமாகத் தள்ளினார்கள்.

காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. அது வேறொன்றாக இருக்கட்டும் என்று விரும்பினேன். பீங்கான்மேல் பளபளப்புக்குப் பூசும் கிளேஸ் சூளையில் வெடித்தால், கலவையில் ஒன்றை மட்டும் மாற்றி மறுபடி சுட்டுப் பார்ப்பது எங்கள் ஆய்வக முறை. அதையே அம்மாவின் சமையலில் செய்தேன். முதலில் கருவாடு வேண்டாம் என்றேன். அடுத்த வாரம் காரத்தைக் குறைக்கச் சொன்னேன். பிறகு எண்ணெயை. பிறகு பழைய டப்பாவுக்குப் பதில் புது எவர்சில்வர் டப்பா. வெளியூர்ப் பிள்ளைகளின் நாக்கு அப்படித்தான் போலும் என்று அம்மா எல்லாவற்றையும் மாற்றினாள்.

ஒரு வாரம் பஸ் ஸ்டாண்டுக் கடையில் முறுக்குப் பாக்கெட் வாங்கிப் போனேன். நல்லூர்க்காரியே பல்லால் கடித்துப் பிரித்தாள். ஒன்றுகூட மிஞ்சவில்லை. அடுத்த வாரம் அதே கடை, அதே முறுக்கு. பாக்கெட்டை வழியிலேயே பிரித்து அம்மாவின் டப்பாவில் கொட்டிக்கொண்டேன்.

"உங்கம்மா முறுக்கு வேற சுடுவாங்களா? நல்லா செவந்திருக்குதுடி," என்றாள் நல்லூர்க்காரி.

யாரும் தொடவில்லை.

அதன்பின் மாற்றிப் பார்க்க எதுவும் இல்லை. அவளை வெறுக்கவாவது முடிந்திருக்கலாம். எனக்குக் காய்ச்சல் வந்தபோது நெற்றியில் ஈரத்துணி போட்டுவிட்டு விடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான்.

அம்மா நடவுக்கும் களையெடுக்கவும் போகிறவள். நான் ஊருக்குப் போகும்போதெல்லாம், புள்ளைங்க தின்னுதுங்களா என்று கேட்பாள். தின்றார்கள் என்பேன். தேய்த்துக் கழுவிய டப்பாவே சாட்சி. ஒரு ஞாயிறு, இனிமேல் கட்ட வேண்டாம், மெஸ்ஸிலேயே நன்றாகப் போடுகிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன்.

"நீ சும்மா இரு," என்றாள். "நான் நட்ட நெல்லு எல்லா வூட்டுக்கும் போவுது. நான் ஆக்குன சோத்த இந்த ஊர்ல ஒருத்தர் வாங்கித் தின்னதில்ல. அந்தப் புள்ளைங்க திங்குதுங்க. அத ஏன் நிறுத்தச் சொல்ற?"

இன்னும் இரண்டு கரண்டி அழுத்தி வைத்து மூடினாள்.

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். நான்கு பேருக்கான சோறு. தொண்டைவரை தின்றும் பாதி இருந்தது. அதை நாய்களுக்குக் கொட்டினேன். குழாயடியில் டப்பாவைக் கழுவிப் பையின் அடியில் துணிகளுக்குள் வைத்தேன்.

அறையில் செய்தித்தாள் விரித்திருந்தது. என் கை வெறுமையாக இருப்பதை நல்லூர்க்காரி பார்த்தாள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, எதுவும் கட்டவில்லை என்றேன். அவள் முகம் தெளிந்துவிட்டது.

"பாவம்டி அம்மா. வா, வந்து உக்காரு," என்று நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.