மூன்றாம் வளைவில் நாற்பத்து மூன்று பேர்

"கணக்கு வாத்தியார் இன்னும் வரலையே," என்று கேட்டுவிட்டு, ஏழு மணியக்கா இன்ஜினை ஓடவிட்டபடி முன்கண்ணாடியைத் துடைக்கிறார். கடிகாரத்தில் ஏழு மணி இரண்டு நிமிடம். அக்காவின் கணக்கில் அது இன்னும் ஏழுதான். ஒரு கையில் பையும் மறு கையில் சட்டைப் பித்தானுமாக வாத்தியார் பாலத்தைத் தாண்டி ஓடிவருகிறார். அவர் ஏறி, மூச்சு வாங்கி, உட்கார்ந்த பிறகுதான் கதவு மூடும். "ஊருக்கே கணக்கு சொல்லித் தர்றீங்க, காலையில ஏழுக்கு முன்னாடி ஆறுன்னு ஒண்ணு வருதுல்ல?" என்பார் அக்கா. அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.

இரண்டு மலைகளுக்கு நடுவே ஆறு வளைந்து போகிறது. அதன் இரு கரையிலும் ஒட்டிக்கொண்டிருக்கிற சின்ன ஊர் அது. ஒரு சலவைக்கூடம், ஒரு அட்டைப்பெட்டித் தொழிற்சாலை, எட்டாம் வகுப்பு வரை பள்ளிக்கூடம், வாரம் இரண்டு நாள் மட்டும் வருகிற பல் மருத்துவர். மற்றதெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம். பெரிய ஆஸ்பத்திரி, மேல் வகுப்பு, வேலை எல்லாவற்றுக்கும் ஒரே சாலை, ஐந்து கொண்டை ஊசி வளைவு, காலையில் ஒரே பேருந்து. அந்தப் பேருந்தைப் பதினாறு வருடமாக ஓட்டுகிறவர் என்பதால் அக்காவின் சொந்தப் பெயர் ஊருக்கே மறந்துபோய்விட்டது. வீட்டில் சண்டை வந்தால் அவருடைய வீட்டுக்காரர்கூட, "ஏழு மணி கெளம்பிடுச்சு, இனி நிக்காது," என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்.

நாற்பத்தொன்பது வயது. குட்டையான உருவம், அதனால் இருக்கையில் இரண்டு தலையணை. பேருந்தைப் பேருந்து என்று சொல்லமாட்டார், "இவ" என்பார். "இவளுக்குக் காலையில நாலு வார்த்தை நல்லபடியா சொல்லிட்டா நாள் பூரா மூஞ்சியைத் தூக்க மாட்டா." யார் எங்கே ஏறுவார்கள், யாருக்கு எந்தத் தோள் வலி, யார் யாரோடு பேசுவதில்லை, அதனால் யாரை எந்தப் பக்கம் உட்காரவைக்க வேண்டும், அத்தனையும் அவருக்கு அத்துப்படி. இந்த ஊரில் ரகசியம் என்பது காலை ஏழு மணி வரைக்கும்தான்.

இனி, அந்த ஊர் செய்த கூத்தைச் சொல்ல வேண்டும். பதினாறு வருடத்துக்கு முன்னால் ஓடியது ஒரு ஓட்டை வண்டி. ஆட்களோடு மலையேறாது. அடிவாரத்தில் அக்கா வண்டியை நிறுத்தி, "கொஞ்சம் எறங்கி நடந்துடுங்க, பாவம் இவ," என்பார். எல்லோரும் இறங்கிக் குறுக்குப் படிக்கட்டு வழியாகப் பேசிக்கொண்டே மேலே போவார்கள். காலி வண்டி ஐந்து வளைவையும் சுற்றிக்கொண்டு வந்து உச்சியில் அவர்களை ஏற்றிக்கொள்ளும். ஆறு வருடத்துக்கு முன்னால் புது வண்டி வந்தது. பளபளவென்று, பெரிய இன்ஜினோடு. யாரும் இறங்குவதை நிறுத்தவில்லை. அடிவாரம் வந்தால் அக்காவின் கை தானாகக் கதவுப் பொத்தானுக்குப் போகும், ஊரின் கால் தானாகப் படிக்கட்டுக்குப் போகும். உள்ளே இருப்பவர்கள் தையல்காரரும் அவருடைய சம்சாரமும் மட்டும்தான். அந்த அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுது. வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். படியேற முடியாது.

போன மாதம் பேருந்து அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மூன்று முறை கணக்கெடுத்ததில் இந்தப் பேருந்தில் சராசரியாக இரண்டு பேர்தான் வருகிறார்கள், ஆகவே ஒன்றாம் தேதியிலிருந்து நிறுத்தப்படுகிறது என்று எழுதியிருந்தது. ஊர் கொதித்துப்போனது. "ரெண்டு பேரா? எந்தக் கண்ணால பாத்தானாம்?" என்று சலவைக்கூடத்து அம்மா போட்ட சத்தத்தில் நிழற்குடையே அதிர்ந்தது. கடிதத்தை அக்கா நான்கு முறை படித்தார். ஐந்தாவது முறைதான் கணக்கெடுத்த இடம் கண்ணில் பட்டது. மூன்றாம் வளைவு நிறுத்தம். அங்கே நிழலும் பெஞ்சும் உண்டு. எண்ண வந்தவர் அதில் உட்கார்ந்து நேர்மையாகத்தான் எண்ணியிருக்கிறார்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். சிரிப்பு வரவில்லை. தையல்காரர் சம்சாரத்தின் முகம்தான் கண்முன் வந்து நின்றது. பேருந்து நின்றால் அந்த அம்மா வாரம் மூன்று நாள் எப்படி மலை தாண்டுவாள்? "நானே எறக்கிவிட்டு, நானே ஊரைக் காலி பண்ணிட்டேனே," என்று வீட்டுக்காரரிடம் புலம்பினார்.

அலுவலகத்துக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னார். எதிர்முனையில் நம்பவில்லை. வேண்டுமானால் இன்னும் ஒரு நாள், அதே இடத்தில் எண்ணுகிறோம், முப்பதுக்குக் குறைந்தால் பேச்சே இல்லை என்றார்கள். மாதச் சீட்டு எல்லா வழித்தடத்துக்கும் பொது என்பதால் காட்டுவதற்கு வேறு சாட்சியும் இல்லை.

"ஆளோட ஏறுமா அக்கா?" என்று கேட்டார் வாத்தியார்.

"ஏறுவா."

"ஏத்திப் பாத்திருக்கீங்களா?"

"இல்ல."

மாவு மூட்டைகளை ஏற்றி ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம் என்று வாத்தியார் எடை, சரிவு எல்லாம் கணக்குப் போட்டுக் கொண்டுவந்தார். அக்கா ஒரே பிடியாக மறுத்துவிட்டார். "நாம சந்தேகப்படறது தெரிஞ்சா இவளுக்கு மனசு விட்டுடும்."

எண்ண வருவதாகச் சொன்ன வியாழக்கிழமை ஏழு மணிக்கு உட்கார இடம் இல்லை. வாத்தியார் ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்திருந்தார், அதையே ஊர் அதிசயமாகப் பேசியது. அடிவாரம் வந்தது. எவ்வளவோ சொல்லிவைத்தும் பதினாறு வருடப் பழக்கம் விடுமா? வண்டி வேகம் குறைந்ததும் முன்னால் இருந்த பத்துப் பேர் பையை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார்கள். அக்காவின் கையே பொத்தான் வரைக்கும் போய்விட்டது.

"உக்காருங்க எல்லாரும்!"

அக்கா சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. பொத்தென்று உட்கார்ந்தார்கள். அக்கா முதல் கியரைப் போட்டார்.

முதல் வளைவு போனது. இரண்டாவதில் இன்ஜின் உறுமல் மாறியது. உள்ளே ஒருவரும் மூச்சுவிடவில்லை, எல்லோரும் தாங்களே தள்ளுவதுபோல முன்பக்கம் சாய்ந்திருந்தார்கள். "வாடி கண்ணு, வாடி," என்று அக்கா முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் வளைவில் பெஞ்சிலிருந்து அதிகாரி எழுந்து கையைக் காட்டினார். சரிவின் நட்டநடுவில் வண்டியை நிறுத்தியாக வேண்டும்.

அதிகாரி உள்ளே ஏறினார். நின்றார். பக்கவாட்டில் நுழைந்து கடைசி வரை போய் எண்ணிவிட்டு, திரும்பி வரும்போது இன்னொரு முறை எண்ணினார்.

"நாப்பத்தி மூணு," என்றார். "இத்தனை நாளா எங்க இருந்தீங்க?"

"இந்த பஸ்லதான் வர்றோம். மலைக்கு மட்டும் எறங்கி நடந்துடுவோம்," என்றார் சலவைக்கூடத்து அம்மா.

"ஏன்?"

"பஸ்ஸு பாவம் இல்லையா?"

அதிகாரி அந்த அம்மாவையும் புது வண்டியையும் மாறிமாறிப் பார்த்தார். தாளில் நாற்பத்து மூன்று என்று எழுதி, "பஸ் நிக்காது, ஓடும்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு இறங்கினார்.

இனிமேல் இறங்கி நடந்தாலும் ஒன்றும் இல்லை. பின்னாலிருந்து ஒருவர் அதைச் சொல்லவும் சொன்னார். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. கைப்பிரேக்கை விடுவித்தார். வண்டி ஒரு முழம் பின்னால் வழுக்கியது, யாரோ "ஐயோ" என்றார்கள். அடுத்த நொடி டயர் சாலையைப் பிடித்தது. நாலாவது வளைவு, ஐந்தாவது வளைவு, பிறகு வெயில், உச்சி. உள்ளே கிளம்பிய கைதட்டலும் விசிலும் ஆற்றங்கரை வரை கேட்டிருக்கும்.

தையல்காரர் சம்சாரம் முன்னிருக்கையிலிருந்து மெல்லத் திரும்பினாள். மலையேறும்போது பின்னால் ஆட்கள் இருந்து அவள் பார்த்ததே இல்லை. "இவ்ளோ பேரா வர்றோம்?" என்றாள்.

அக்காவுக்குக் கண் நிறைந்திருந்தது, துடைக்கவில்லை. தலைக்கு மேலே உள்கண்ணாடி இருந்தது. ஆறு வருடமாக அது முன்னிருக்கை இரண்டை மட்டுமே காட்டிக்கொண்டிருந்தது. அக்கா தலையணை மேல் எம்பி, கடைசி வரிசை தெரிகிற வரைக்கும் அதை நிமிர்த்தி வைத்துவிட்டு வண்டியை எடுத்தார்.