குரவைக்கு வேண்டிய மூச்சு

மச்சாளின் முப்பத்தொன்றாம் நாள் சடங்கு முடிந்து உறவினர் எல்லாரும் போய்விட்டார்கள். அவரைப் பற்றி எழுதினால் குரவையில்தான் தொடங்கவேண்டும்.

அண்ணன் கோணாமலையின் மனைவி சீதேவிப்பிள்ளை எனக்கு மச்சாள். மண்டூருக்கு அருகே எங்கள் ஊரில் எந்தக் கலியாணத்திலும் தாலி ஏறும்போது முதற் குரவை அவருடையது. நாக்கைச் சுழற்றி அவர் எழுப்பும் ஒலி, மற்றப் பெண்கள் மூச்சு முட்டி நிறுத்திய பிறகும் நின்று கேட்கும். மகள் அன்னப்பூரணிக்குத் தையில் கலியாணம் குறித்தபோது, "என்ட புள்ளைக்குப் போடுற குரவை ஆத்துக்கு அங்கால கேக்கோணும்" என்றார்.

அது யுத்தகாலம். அந்த மார்கழி மழையில் ஷெல்லடிக்குப் பயந்து ஓடிவந்த குடும்பங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கின. ஒரே கூரைக்குக் கீழே காய்ச்சலும் இருமலும் ஆள்மாறி ஆள் பரவின. அவர்களுக்குக் கஞ்சி காய்ச்சப் போன மச்சாளையும் அது பிடித்தது. காய்ச்சல் தணிந்து எழும்புவார் என்று பார்த்தால், மூச்சு வாங்கத் தொடங்கியது. வாசலுக்கு நடந்தாலே இளைத்தது.

"நாவூறுதான் கா இது" என்றார் பக்கத்து வீட்டுப் புஸ்பம். "பத்துப் பேர்ட மூச்சு இவளுக்கெண்டு ஊரே சொன்னா, மறுகா என்ன நடக்கும்?"

உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றி நெருப்பில் போட்டார்கள். ஊர்வாய் பட்டு வரும் நாவூறு என்றால் மிளகாய் கமறாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அன்று எல்லாருக்கும் கமறியது. மச்சாளோ இருமி இருமி, உதடு நீலம் பாரிக்கச் சாய்ந்துவிட்டார்.

"இது நாவூறில்ல, ஆசுபத்திரிக்குக் கொண்டுபோங்க!" என்று புஸ்பமே கத்தினார்.

தோணியில் வாவியைக் கடந்தோம். அக்கரையில் ஆமியின் சென்றிக் காவலரணில் எல்லாரும் இறங்கி நடக்கவேண்டும். மச்சாளின் முகத்தைப் பார்த்த ஆமிக்காரன் ஒன்றும் கேட்காமல் கையை வீசி வழிவிட்டான்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் மஜீட், ஏறாவூர்க்காரர், எக்ஸ்ரே படத்தைக் காட்டினார். "நுரையீரலுக்குள்ள மீன்சினை மாதிரிச் சின்னச் சின்னக் காத்துப் பை இரிக்கு. வைரஸ் போய் அதுகள் வீங்கித் தண்ணி கட்டியிரிக்கு. காத்து உள்ளுக்குப் போனாலும் ரெத்தத்தில சேருறது குறைவு."

ஒட்சிசன் மூடிக்குள்ளிருந்து மச்சாள் திக்கித்திக்கிக் கேட்டார்: "அந்த வைரஸ ஊசி போட்டுக் கொல்லுங்களன்."

"இதக் கொல்ல எங்களிட்ட ஊசி இல்லம்மா. உங்கட உடம்புதான் சண்டை பிடிக்கோணும். அதுவரைக்கும் நாங்க காத்துக் குடுக்கிறம்."

"வெளியில நடக்கிற சண்டை காணாதா, உள்ளுக்கயும் வேணுமா?"

டொக்டர் சிரித்துவிட்டார்.

மச்சாள் அன்று தப்பினார். அதன்பிறகு நெடுங்காலம் வாழ்ந்து, வேறொரு நோயில்தான் இப்போது போனார். ஆனால் வீக்கம் வடிந்தாலும் நுரையீரல் பழையபடி விரிய மாதக்கணக்கில் செல்லலாம் என்றார் டொக்டர். உடம்பில் எந்த வேலையும் மூச்சைக் கேட்டுத்தான் நடக்கிறது என்பதை அவரைப் பார்த்துத்தான் அறிந்தேன். தலை வாரக் கை தூக்கினால் களைத்தார். சோறு மென்றால் களைத்தார்.

"கலியாணத்தை ஆவணிக்குத் தள்ளுவமா?" என்று அண்ணன் கேட்டார்.

மாப்பிள்ளை இளம் பொடியன். இளைஞர்களைப் பிடித்துக்கொண்டு போகாத தரப்பு அப்போது இல்லை. கலியாணம் முடித்தவனை விட்டுவிடுவார்கள் என்று எல்லாரும் நம்பினோம்.

"உங்களுக்கு விசரா? என்ட குரவைக்காக அந்தப் பொடியன வெளியில உட்டு வெக்கிறதா? தையிலயே நடக்கட்டும்."

நடந்தது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்ததும் பெண்கள் பழக்கத்தில் மச்சாளைப் பார்த்தார்கள். அவர் தொடங்காமல் யாரும் தொடங்கியதில்லை. மச்சாள் வாயைத் திறந்தார். வெறும் காற்றுத்தான் வந்தது. மேளம் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

அப்போது குனிந்திருந்த அன்னப்பூரணி நிமிர்ந்து, தாயைப் பார்த்தபடி, தானே குரவையிட்டாள். மாப்பிள்ளை திடுக்கிட்டுத் தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"அடி வெக்கங்கெட்டவளே! பொண்ணு தனக்குத்தானே குரவை போடுறதா?" ஏச வந்த மச்சாளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலானது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மற்றப் பெண்களைப் பார்த்தார். "என்ன வாய் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? போடுங்கடி!"

எல்லாரும் போட்டார்கள். முடிச்சு மூன்றும் விழும்வரை ஒருத்தியும் நிறுத்தவில்லை.