சித்தப்பா கவர்னராக இருந்த வாரம்

எங்கள் சித்தப்பா ஒரு வாரம் கவர்னராக இருந்தார். சொன்னால் என் மகள்கூட நம்ப மாட்டேன் என்கிறாள். நம்பாவிட்டால் போகட்டும், அவர் கழுத்தில் மாலை போட்டது நான்தான்.

நெய்வேலியில் அப்போது பாதி வீடுகளில் சுண்ணாம்பே காயவில்லை. அப்பா சுரங்கத்தில் பர்மனென்ட், அதனால் எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்திருந்தது. அப்பாவின் தம்பி காண்ட்ராக்டில் மண் வாரிக்கொண்டு எங்களோடு இருந்தார். ஆறடி ஆள், நடந்து வந்தால் தெருவே நிறைந்துவிடும். என்ன இருந்து என்ன? குள்ளஞ்சாவடியில் பார்த்து வைத்திருந்த பெண்ணின் அப்பா, "காண்ட்ராக்ட் வேலை இன்னிக்கி இருக்கும், நாளைக்கிப் பூடும். பர்மனென்ட் ஆவட்டுங்க, அப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சித்தப்பாவுக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்திருந்தது. அன்றிலிருந்து அவர் பாதிச் சோறுதான் தின்றார். அந்தப் பாதியே நம்ம எல்லாருக்கும் போதும் என்பாள் அம்மா.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பள்ளிக்கூடத்தின் புதுக் கட்டடத்தைத் திறக்க கவர்னர் வருவதாக ஏற்பாடாயிற்று. கவர்னர் என்றால் யார் என்று அப்பாவைக் கேட்டேன்.

"மாகாணத்துக்கே பெரியவரு. கிண்டியில மான் மேயற பங்களாவுல இருப்பாரு. ஆனா ஒருத்தரே இருக்க மாட்டாரு, டில்லியில மாத்திக்கினே இருப்பாங்க" என்றார். மான் பங்களாவைவிட அந்தக் கடைசி விஷயம்தான் என் மனதில் நன்றாகப் பதிந்தது.

ஏற்பாடுகளைக் கவனித்த அதிகாரி சரியான பயந்தாங்கொள்ளி. கவர்னர் இறங்குவது, நடப்பது, உட்கார்வது எல்லாவற்றையும் முன்கூட்டியே நடத்திப் பார்த்துவிட வேண்டும் என்றார். வரப்போகிற கவர்னர் நல்ல உயரம் என்று கேள்வி. அதே உயரத்தில் ஓர் ஆள் வேண்டுமே என்று தேடியபோது, ரோட்டோரம் மண் கொட்டிக்கொண்டிருந்த சித்தப்பா அவர் கண்ணில் பட்டார். அவ்வளவுதான், ஒத்திகைக்கு அவர்தான் கவர்னர். அம்மா, அப்பாவின் கல்யாண வேட்டியைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

தினமும் காலையில் ஒத்திகை. சித்தப்பா ஜீப்பிலிருந்து இறங்குவார். காவல்காரர்கள் சல்யூட் அடிப்பார்கள். அதிகாரிகள் வரிசையாக நின்று கும்பிடுவார்கள். மாலை போட என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். எனக்கு எட்டாது என்று அவர் இடுப்பு வரை குனிவார், நிமிர்ந்ததும் மாலையை மோந்து பார்ப்பார். பிறகு நாடாவை வெட்டுவது மாதிரி வெறும் கையால் காற்றை வெட்டுவார். சாயங்காலம் எங்கள் தெருப் பெண்கள் அவரை விட மாட்டார்கள்.

"கவர்னரய்யா, எங்க வூட்டுக் கொழாயில காத்துதான் வருது."

"ஆவன செய்யப்படும்" என்பார் சித்தப்பா, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

ஒரு நாள் ஒத்திகை நடக்கும்போது, பெண்ணின் அப்பாவான அந்தக் குள்ளஞ்சாவடிக்காரர் பையனைப் பற்றி விசாரிக்கலாமென்று சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி வந்திருக்கிறார். வந்தவர் கண்ட காட்சி இதுதான்: தான் வேண்டாமென்ற பையனுக்கு மாலை, சல்யூட், சுற்றிலும் கைகட்டி நிற்கும் அதிகாரிகள். மனிதர் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார். மறுநாள் ஆள்விட்டுச் சொல்லியனுப்பினார். மாப்பிள்ளைக்கு நடக்கிற மரியாதையைக் கண்ணால் பார்த்தாயிற்று, கவர்னர் வருகிற அன்றைக்கே தாம்பூலத் தட்டோடு வருகிறோம் என்று.

தான் பார்த்தது வெறும் ஒத்திகை என்று அவருக்குத் தெரியாது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றார் அப்பா. கவர்னர் வந்துவிட்டுப் போகட்டும், அப்புறம் சொல்லலாம் என்றாள் அம்மா. "நானே போய்ச் சொல்லிட்டு வரேன்" என்று சித்தப்பா சட்டையை மாட்டுவார், வாசல் வரை போவார், திரும்பி வந்து கழற்றிவிடுவார். கடைசியில் யாருமே சொல்லவில்லை.

அந்த நாளும் வந்தது. நிஜக் கவர்னர் காரிலிருந்து இறங்கினார். வயதானவர், களைத்த முகம். நான் நீட்டிய மாலையைக் கையிலேயே வாங்கிப் பின்னால் நின்றவரிடம் கொடுத்துவிட்டு, காட்டிய இடத்தில் போய் உட்கார்ந்தார். குனியவுமில்லை, மோந்து பார்க்கவுமில்லை. சித்தப்பா இவரைவிட எவ்வளவோ மேல் என்று எனக்குப் பட்டது.

அப்பாவிடம் ஓடி வந்தேன். பக்கத்தில் தட்டும் கையுமாகக் குள்ளஞ்சாவடிக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவர் மேடையைப் பார்க்கவில்லை. கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம், புழுதி அடங்க ரோட்டில் தண்ணீர் தெளித்துவிட்டு வாளியோடு நின்ற சித்தப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, அது உங்க சித்தப்பாதான? அங்க ஏன் வாளியோட நிக்கிறாரு?"

அப்பா தரையைப் பார்த்தார். பெரியவர் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையா? நான் சொன்னேன்.

"போன வாரம் எங்க சித்தப்பாதான் கவர்னரு தாத்தா. இப்ப மாத்திட்டாங்க. இவரு புதுசு."

அப்பா வேறு வழியில்லாமல் ஒத்திகைக் கதையை முழுக்கச் சொன்னார். கேட்டுக்கொண்டே வந்தவருக்கு முதலில் சிரிப்பில் தோள் குலுங்கியது, அப்புறம் வயிறு குலுங்கியது, தட்டிலிருந்த வெற்றிலை நழுவிக் கீழே விழுந்தது. ஆனால் முடிவு என்னவென்று அவர் சொல்லவில்லை.

வீட்டில் இலை போட்டு உட்கார்ந்தபோதும் சொல்லவில்லை. சித்தப்பா இலையில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். குள்ளஞ்சாவடிக்காரர் அப்பாவிடம் கேட்டார்.

"கவர்னர் வேலை எத்தினி வருசங்க?"

"அஞ்சு வருசம்ன்றாங்க. டில்லியில வேணாம்னுட்டா முன்னாடியே போவ வேண்டியதுதாங்க."

"அப்ப அவரும் பர்மனென்ட் இல்ல."

"இல்லீங்க."

ஒரு கவளம் மெதுவாக மென்று விழுங்கினார். "அம்மாம் பெரிய பங்களா, மானு, காரு. அதுக்கே பர்மனென்ட் கெடையாது. நான் இந்தப் புள்ளையப் போயி பர்மனென்ட்டான்னு கேட்டுக்கினு இருக்கேன். தை பொறந்ததும் கல்யாணத்த வெச்சிக்கலாங்க."

சித்தப்பா அன்று மூன்று முறை சோறு வாங்கினார். அம்மா பரிமாறிக்கொண்டே சிரித்தாள், முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். எல்லாரும் எதற்காக அப்படிச் சிரித்தார்கள் என்பது எனக்கு விளங்கவே இல்லை. என் கவலை வேறு. சித்தப்பா முடிந்து, அந்தக் களைத்த தாத்தாவும் வந்தாயிற்று. அவரையும் சீக்கிரம் மாற்றிவிடுவார்கள், அடுத்தது அப்பாவாகத்தான் இருக்கும். வேட்டியைத் துவைத்துத் தயாராக வைக்கும்படி அம்மாவிடம் ரகசியமாகச் சொன்னேன்.