மழை மாதத்துப் பாதி

காலை ஆறு இருபதுக்கு அக்காவின் கையிலிருந்து பால் டம்ளர் சாய்ந்தது. பால் தரையில் ஓடி, அடுப்படி மூலையிலிருந்த தண்ணீர்த் துளையை நோக்கிப் போனது. அக்கா குனியவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார். பாத்திரத்தில் ஒட்டிய பாலேட்டைக்கூட விரலால் வழித்துக் காபியில் சேர்க்கிறவர் அவர். பால் வீணாவதைப் பார்த்துக்கொண்டு நின்றதால்தான் ஏதோ ஆகிவிட்டது என்று எனக்கு உறைத்தது. வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்ததை அதற்குப் பிறகே கவனித்தேன்.

அக்கா என்றால் என் கணவரின் அக்கா. கல்யாணமான நான்காம் வருஷமே கணவரை இழந்து தம்பி வீட்டுக்கு வந்துவிட்டவர். எங்கள் வீட்டில் தறி என் கணவருடையது, பள்ளிக்கூட வேலை என்னுடையது, அடுப்படி முழுக்க அக்காவுடையது. தனியார் பள்ளியில் நான் வாங்கும் சம்பளம் மகளின் படிப்புக்கே சரியாக இருக்கும். மீதிக் குடும்பத்தை அக்காதான் ஓட்டினார். அரிசியை ஊறவைத்து, ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைத்து மூடிவிடுவார். சோறு அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும். கீரை உருவிய முருங்கைக் காம்பு ரசத்துக்குப் போகும். "உங்க நாத்தனார் குக்கர் விசிலக்கூட சேத்து வெச்சிருப்பாங்கமா" என்று எதிர்வீட்டுப் பெண் என்னிடம் கேலி செய்தபோது, உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது: "வெச்சிருக்கேன், வேணும்னா ரெண்டு எடுத்துக்கினு போ."

எங்களுடையது குழித்தறி. நெய்கிறவர் காலைத் தொங்கவிடும் பள்ளத்தில் கார்த்திகை மழைக்குத் தண்ணீர் ஊறிவிடும். வடியும்வரை நெசவு இல்லை. போன வருஷம் தாமல் ஏரி நிரம்பிவிட்டதென்று ஊரே சந்தோஷப்பட்ட வாரத்தில் எங்கள் குழியில் முழங்கால் அளவு தண்ணீர். அன்று சாப்பிட உட்கார்ந்தபோது நான்தான் சொன்னேன்: "தறி ஓடுற வரைக்கும் இந்த வீட்ல எல்லாம் பாதி." பால், எண்ணெய், காய் என்று வகுப்பில் பேசுகிற குரலிலேயே அடுக்கினேன்.

"பரீட்சையிலயும் பாதி மார்க் போதுமாமா?" என்றாள் மகள்.

"டீச்சரம்மா சொல்லிட்டாங்கபா. இனிமே தும்மினாக்கூட பாதிதான்" என்று அக்கா சிரித்தார். அன்று அதிகம் சிரித்தது அவர்தான்.

அக்காவுக்கு ரத்த அழுத்தம் இருந்தது. மாதாமாதம் ஒரு சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார். அந்த மாதம் தெருவில் தண்ணீர் நின்றதால் அவர் வரவில்லை. அது எனக்குத் தெரியும். "மாத்திரை இருக்குதா அக்கா?" என்று கேட்கவும் செய்தேன். "இருக்குது, இருக்குது. அவங்க வர்ற வரைக்கும் தாங்கும்" என்றார். எந்தப் பிள்ளை வீட்டுப்பாடத்தில் பொய் சொல்கிறது என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிற நான், அந்தப் பதிலோடு வேலைக்குக் கிளம்பிப் போனேன்.

பால் சாய்ந்த அன்று ஆஸ்பத்திரியில், அக்கா என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார்கள். மகள் வீட்டுக்கு ஓடினாள். அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்குப் பக்கத்தில், காகிதத்தில் மடித்து வைத்திருந்ததைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் கொட்டினாள். பாக்குவெட்டியால் வெட்டிய பாதிகள். அவற்றில் சில கால் துண்டுகளாகவும் ஆகியிருந்தன. அந்த மழையில் ஒரு கிலோ தக்காளி விற்ற விலைக்கு அந்த மாத்திரை அட்டை ஒன்றைக் கடையில் வாங்கியிருக்கலாம்.

ஒன்பது நாள் இருந்தார். பேச்சு திரும்பவில்லை. கஞ்சி ஊட்டினால் பாதியில் உதட்டை மூடிக்கொள்வார். வயிறு நிறைந்து மூடினாரா, மீதி எனக்கென்று மூடினாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

"நீ சொன்னதால இல்ல. அது எப்பவுமே அப்படித்தான்" என்கிறார் என் கணவர். இருக்கலாம். ஆனால் அந்த வார்த்தையை வீட்டுக்குள் கொண்டுவந்தது நான். இப்போது மகள் சாப்பிடும்போது அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். "ஏம்மா இப்டி பாக்கற, துன்னுக்கினுதான இருக்கேன்" என்று எரிந்து விழுகிறாள். அத்தையிடமிருந்து எதையெல்லாம் அவள் கற்றுக்கொண்டாளோ, எங்களிடம் சொல்லாமல் எதைப் பாதியாக்குகிறாளோ என்ற பயம் என்னை விடவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் தெருவில் தண்ணீர் வடிந்திருந்தது. பதினொரு மணி வாக்கில் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். மாத்திரை கொடுக்கும் அந்தப் பெண். கெண்டைக்கால்வரை சேறு, ஒரு கையில் செருப்பு, தோளில் பை.

"கோவிச்சுக்காதம்மா, வண்டி உள்ள வரவே முடியல. ரெண்டு மாசத்துக்கும் சேத்துக் கொண்டாந்துக்கிறேன்" என்று பையைத் திறந்து நோட்டை எடுத்தார். "அக்கா உள்ள வேலையா இருக்குதா? கொஞ்சம் கூப்புடுமா, ஒரு கையெழுத்துப் போடட்டும்."