ஐம்பத்தைந்து அங்குலத்தில் ஒரு முகம்

என் மனைவிக்குப் பார்வையின் நடுவில்தான் கோளாறு. ஓரத்தில் இருப்பதெல்லாம் தெரியும். நேரே பார்ப்பது தெரியாது. சமையலறையில் உப்பு டப்பாவைத் தடுமாறாமல் எடுப்பாள். வாசலில் வந்து நிற்பவர் யாரென்று குரல் கேட்ட பிறகுதான் சொல்வாள். மதுரையில் கண் மருத்துவர் விழித்திரையின் படத்தைக் காட்டி, போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். அவள் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப சினிமா?"

பெரிய டிவியாக வாங்கி மூன்றடி தள்ளி உட்கார்ந்து பாருங்கள், கண்ணுக்கு ஒன்றும் ஆகாது என்றார் மருத்துவர். கிட்டே போய்ப் பார்க்காதே என்று கல்யாணமான நாளிலிருந்து நான் போட்டுவந்த உத்தரவு அந்த நிமிடமே ரத்தானது.

காமயகவுண்டன்பட்டி வீட்டுக்கு ஐம்பத்தைந்து அங்குல டிவி வந்தது. பெட்டியைப் பிரித்தவர்கள் சுவரில் மாட்டிவிட்டுப் போனார்கள். அதில் என்ன ஓட்டுவது என்பது என் பொறுப்பாயிற்று. சீரியலில் கண்மூடித் திறப்பதற்குள் காட்சி மாறுகிறது, அவளுக்கு ஒட்டவில்லை. அவளுக்கு வேண்டியது அலமாரியில் கிடந்த எங்கள் பழைய டிவிடிகள்தான். கம்பத்திலும் குமுளியிலும் வாங்கியவை. கேரளப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வளர்ந்தவள் என்பதால் அவற்றில் பாதி மலையாளம்.

"கதையெல்லாம் எனக்கு மனப்பாடம். மூஞ்சிதான் வேணும்," என்றாள்.

டிவிடி ஓட்டும் கருவி எப்போதோ உயிரை விட்டிருந்தது. ஆகவே டிஸ்குகளைக் கணினியில் ஏற்றி, சுருக்கி, ஒரு பென்டிரைவில் சேர்த்து டிவியில் செருக வேண்டும். நான் வட்டாட்சியர் அலுவலகத்தில் ஆயுளைக் கழித்தவன். எந்தக் காரியத்துக்கும் ஒரு நடைமுறை உண்டு, அது எனக்குத் தெரியும் என்பது என் நோய். இதற்கு மதுரையிலும் வைத்தியமில்லை.

சுருக்கும் மென்பொருளை யாரோ இலவசமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். அதன் விளக்கக் குறிப்பை முழுவதும் படித்தேன். அதை எழுதியவர்களே அவ்வளவு கவனமாகப் படித்திருப்பார்களா என்பது சந்தேகம். பிறகு ஒரு பதிவேடு போட்டேன். பென்டிரைவின் இடத்தைப் படங்களின் எண்ணிக்கையால் வகுத்தேன். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு ஜிபி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பாரபட்சம் காட்டினான் என்று என்மீது புகார் வந்ததே கிடையாது. பழைய படங்களில் எறும்பு ஓடுவதுபோல் புள்ளிகள் இருந்ததால், அவற்றைத் துடைக்கும் வடிகட்டியையும் முழு அளவில் வைத்தேன்.

காலையில் பால் வந்ததும் கணினியைத் தொடங்கினால் மதியச் சாப்பாட்டுக்குள் ஒரு படம் முடியும். மின்வாரியம் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாளில் பாதிப் படத்தோடு நின்றுபோகும். மறுநாள் முதலிலிருந்து தொடங்குவேன். இப்படி மூன்று வாரம். ஒவ்வொன்றையும் என் மேசையில், என் சின்ன மானிட்டரில், வெயில் அடிக்கிற பாட்டுக் காட்சியில் சோதித்து, 'திருப்தி' என்று கையெழுத்திட்டேன்.

முதல் நாள் அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். பத்து நிமிடம் ஓடியது.

"ஏங்க, இதுல எல்லாரும் பவுடர அப்பிட்டு வந்துருக்காக. யாரு எவருன்னு தெரியல."

"அது உன் கண்ணுக் கோளாறும்மா."

"என் கண்ணு நடுவுலதான் போச்சு. இதுல ஓரத்துலயும் மூஞ்சி இல்ல."

வேறு படம் போட்டேன். ராத்திரிக் காட்சியில் திரை முழுக்கக் கறுப்புக் கட்டங்கள். செங்கல் அடுக்கிய மாதிரி. அதற்குள் ஒரு தாய் பேசிக்கொண்டிருந்தாள், குரல் மட்டும் வந்தது. என் மனைவி எழுந்து ரசத்துக்குப் புளி கரைக்கப் போய்விட்டாள். கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அதன் பிறகு இரண்டு நாள் டிவி பக்கமே வரவில்லை. கண்ணே முழுசாகப் போய்விட்டது என்று அவள் நினைத்துக்கொள்கிறாளோ என்கிற பயம் எனக்குப் பிடித்துக்கொண்டது. என் கையெழுத்தின்மேல் எனக்கே சந்தேகம் வந்ததும் அப்போதுதான்.

உத்தமபாளையத்தில் வீடியோ எடிட்டிங் செய்யும் ஓர் அம்மாள் இருக்கிறார். ராயப்பன்பட்டிக்காரர். அங்குள்ள சர்ச் திருவிழாச் சப்பரப் பவனியை ஆண்டுதோறும் படம் பிடித்து அவர்தான் வெட்டி ஒட்டுகிறார். போய்ச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, பேரன் பேத்திகளையெல்லாம் வீட்டில் விட்டுவிட்டு வந்தார். வந்தவர் கணினியைப் பார்க்கவில்லை, என் மனைவியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"அக்கா, டாக்டரு எம்புட்டுத் தூரத்துல ஒக்காரச் சொன்னாக?"

"மூணடி."

"சார், நீங்க எங்கன ஒக்காந்து சோதிச்சீக?"

நான் என் அறையைக் காட்டினேன். பதிவேட்டையும் காட்டினேன். அதைப் புரட்டிப் பார்த்தவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"எல்லாப் படத்துக்கும் ஒரு ஜிபியா? இது என்ன ரேசன் கடையா சார்? இருட்டுப் படத்துக்குப் பசி ஜாஸ்தி. சப்பரம் வர்ற சீனு, மழ, பொக, இதெல்லாம் அள்ளித் திங்கும். ரெண்டு பேரு வெயில்ல நின்னு பேசுனா அதுக்கு அம்புட்டு வேணாம்."

"இடம் பத்தாமல் போனால்?"

"அக்காவுக்குப் பிடிக்காத படத்த விட்ருங்க. பிடிச்சதுக்குக் குடுங்க. இது கூடவா உங்க ஆபீசுல சொல்லித் தரல?"

"எங்க ஆபீசுல அதுக்குப் பேரு வேற," என்றேன்.

"இவுகள இப்பிடிக் கேக்க ஒரு ஆளு இல்லாமப் போச்சு இத்தன நாளு," என்றாள் மனைவி, டிவி வந்த பிறகு முதல்முறையாகச் சிரித்துக்கொண்டு.

அளவைச் சொல்லாமல் தரத்தை மட்டும் ஓர் எண்ணால் சொல்லும் முறை ஒன்று அந்த மென்பொருளிலேயே உண்டு. எண் குறையக் குறையப் படம் தெளியும். எந்தக் காட்சிக்கு எவ்வளவு என்பதை மென்பொருளே பார்த்துக்கொள்ளும். அதை நான் படித்துத்தான் இருந்தேன். மொத்த அளவு தெரியாமல் ஒப்புதல் தரக் கூடாது என்று ஒதுக்கிவிட்டேன். அந்த அம்மாள் எண்ணைப் பதினெட்டில் வைத்தார். புள்ளி துடைக்கும் வடிகட்டியை அணைத்தார். அது புள்ளியோடு சேர்த்துக் கண் இமையையும் வாயோரக் கோட்டையும் துடைத்திருக்கிறது. ஆள் திரும்பும்போது முகத்தில் சீப்புப் பல்லாக வரும் கோடுகளை நீக்கும் ஒரு வசதியை மட்டும் போட்டார். பிறகு அந்த ராத்திரிக் காட்சியில் இரண்டே நிமிடத்தை மாற்றி, பெரிய டிவியில் என் மனைவிக்குப் போட்டுக் காட்டினார். எந்தப் படத்தின் மாதிரிக்கும் இனி அவள் சொல்வதே முடிவு என்றும் தீர்ப்புச் சொன்னார். நான் தேநீர் போடப் போனேன். அந்த அறையில் எனக்கு இருந்த அதிகாரம் அவ்வளவுதான்.

திரும்பி வந்தபோது திரையில் அந்தத் தாயின் முகம். நெற்றியிலிருந்து தாடைவரை திரை நிறைய. என் மனைவி தலையைச் சற்றுச் சாய்த்து, ஓரக்கண்ணால் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ அழுகல," என்றாள். "அழுகைய அடக்கிட்டு நிக்கிறா. கண்ணுல தண்ணி முட்டுது, பாருங்க."

பார்த்தேன். என் இரண்டு கண்ணும் நன்றாக இருந்தும் அந்தப் படத்தில் அதை நான் கவனித்ததில்லை.

அன்றிலிருந்து முகம் தெரியாத சிலருக்கு நான் மனதுக்குள் நன்றி சொல்லிவருகிறேன். எங்கோ உட்கார்ந்து, ஒரு பைசா வாங்காமல், யார் பார்ப்பார்கள் என்று தெரியாமலே இந்த மென்பொருளை எழுதியவர்களுக்கு. ராயப்பன்பட்டி அம்மாளுக்கு நேரிலேயே சொன்னேன். "மொதல்ல அந்த ரிஜிஸ்டர எடைக்குப் போடுங்க," என்றார். போட்டுவிட்டேன்.

போன மாதம் மனைவி கேட்டாள்: "உங்களையும் அதுல போடுங்களேன்."

"என்னையா?"

"பக்கத்துல ஒக்காந்துருக்கீக. குரலு வருது. மூஞ்சி இருக்குற எடத்துல பொகதான் இருக்கு. ரெண்டு வருசமாச்சு."

ஜன்னல் வெளிச்சத்தில், போனை ஜாடிமேல் சாய்த்து வைத்து ஒரு நிமிடம் படம் பிடித்தேன். என்ன பேசுவதென்று தெரியாமல் அன்றைக்குச் செய்ய வேண்டிய வேலைகளைச் சொன்னேன். போன் படத்தை டிவி அப்படியே ஓட்டியிருக்கும். இருந்தாலும் நான் மென்பொருளில் ஏற்றி, எண்ணைப் பதினாறில் வைத்தேன். தேவைக்கு அதிகம்தான்.

அவள் நாற்காலியிலிருந்து எழுந்து டிவிக்கு ஓரடி அருகில் போய் நின்றாள்.

"இம்புட்டு நரச்சுப் போச்சா? காதுல முடி வளந்து கெடக்கு, யாரும் சொல்லலையா?"

"நீதான சொல்லணும்."

"நான் எங்கன பாத்தேன்?" என்றவள், "பேச்ச நிறுத்திட்டு ஒரு எடத்துல சும்மா முழிக்கிறீகல்ல, அங்கன நிப்பாட்டுங்க," என்றாள்.

நிறுத்தினேன். நெற்றியில் தொடங்கி, மெதுவாக, தலையைச் சாய்த்துச் சாய்த்து அவள் பார்த்தாள். நான் ரிமோட்டைப் பிடித்தபடி நின்றிருந்தேன்.